ஷன் ரீச்சரின் கொப்பி

முதல் நாளே என் சான்றிதழை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார். கடைக்காரர் ஐயாயிரம் ரூபாய்த் தாளைப் பார்ப்பதுபோல. பிறகு பெருவிரலால் முத்திரையைத் தடவினார். பிறகு மணந்தார். சத்தியமாக, மணந்துதான் பார்த்தார்.

"இது ஆர் தந்தது?"

"ஒன்லைன் டிப்ளோமா, ரீச்சர். ஆறு மாதம் படிச்சனான்."

"ஆறு மாதமும் உம்மை ஆரும் கண்டவையோ?"

"சூமில..."

"சூமில முகம்தானே தெரியும். கை தெரியாதே. கை என்ன செய்தது எண்டு ஆருக்குத் தெரியும்?"

எனக்கு அப்போது இருபது வயது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, பல்கலைக்கழக வெட்டுப்புள்ளி வரும்வரை என்ன செய்வதென்று தெரியாமல் நிலாவெளியில் வீட்டுக்குள் அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தேன். திருகோணமலை டவுனில், உள்துறைமுகக் கரையோரம் உள்ள மீனவர் சங்க மண்டபத்தில் சனி ஞாயிறு காலைகளில் ஒரு ரீச்சர் சின்னப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறார், உதவிக்கு ஆள் இல்லை என்று கேள்விப்பட்டேன். அடுத்த சனிக்கிழமை முதல் பஸ்ஸில் போய் இறங்கிவிட்டேன். பையில் வர்ண அட்டைகள், பாட்டுகள் நிறைந்த போன், தலைக்குள் நூறு திட்டங்கள். அந்த நூறையும் ஒருவர் ஒரே பார்வையில் சுங்கச் சோதனை செய்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால், யாரைக் கேட்டு எழுதினீர் என்று எங்கிருந்தாவது கடிதம் போடுவார். பிள்ளைகள் அவரை "ஷன் ரீச்சர்" என்றார்கள். அதுவே போதும்.

ஐம்பத்தைந்துக்கும் அறுபதுக்கும் இடையில் இருப்பார். மெலிந்த ஆள். கையில் ஆண்கள் கட்டும் பெரிய மணிக்கூடு. வெயிலுக்கும் மழைக்கும் ஒரே கறுப்புக் குடை. கைப்பையின் ஸிப்பில், பயணப் பெட்டிக்குப் போடும் சின்னப் பூட்டொன்று தொங்கும். மண்டபத்தில் எந்தக் கதிரையில் இருந்தாலும் முதுகு சுவரைப் பார்த்து இருக்கும், முகம் வாசலைப் பார்த்து. யார் வீட்டுத் தேநீரும் குடிக்க மாட்டார். பிளாஸ்க் கொண்டுவருவார். அதையும் மூடியைத் திறந்ததும் ஒருமுறை மணந்து பார்ப்பார், தானே காலையில் ஊற்றிய தேநீர் என்பதை மறந்தவர்போல.

கரையில் அவர் மீன் வாங்குவதைப் பார்க்கவே சிலர் நிற்பார்கள். முதலில் செவுளைத் தூக்கிப் பார்ப்பார். அது எல்லோரும் செய்வது. பிறகு மீன்காரரிடம் எங்கே பிடித்தது, என்ன வலை, எத்தனை மணிக்கு வலையை இழுத்தது என்று கேட்பார். கேட்டுவிட்டு, நாலு அடி தள்ளி நிற்கும் அவருடைய கூட்டாளியிடம் போய் அதே மூன்று கேள்வியையும் கேட்பார். இரண்டு பேரின் கதையும் பொருந்தினால்தான் மீன் பைக்குள் போகும்.

"அம்மா, மீனை வாங்கப் போறீங்களோ, வழக்குப் பேசப் போறீங்களோ?" என்று ஒருவர் கேட்டார்.

"மீன் பேசாதே. அதால உங்களிட்டக் கேக்கிறன்."

இப்படிப்பட்டவர் பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக் கொடுத்தார் என்றால், ஒரே ஒரு வால். ஆங்கிலச் சொற்களின் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் "ஷன்" என்ற வால். ஸ்ரேஷன், கோஷன், அப்ளிகேஷன். ஒரு வருடம் முழுக்க அதுதான். நான் போய்ச் சேர்ந்தபோது ஏழாவது மாதம் நடந்துகொண்டிருந்தது.

"ரீச்சர், மற்ற வால்களும் இருக்குத்தானே? ஃபுல், நெஸ், மென்ற்... கிழமைக்கு ஒண்டாச் செய்தா மூண்டு மாதத்தில முடிச்சிடலாம். நான் அட்டை கீறிக்கொண்டு வந்திருக்கிறன்."

அட்டைகளைப் பார்த்தார். வடிவாக இருக்கின்றன என்று சொல்லவில்லை.

"பிள்ளை, இந்தப் பிள்ளையளின்ர தாய் தகப்பன் எந்தக் கந்தோருக்குப் போனாலும், எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், முன்னால நீட்டுற தாளில முதல் நிக்கிறது இந்த வால்தான். அதைக் கண்டு பயப்பிடாமல் வாசிக்கிறதுக்கு ஒரு வருசம் காணாது."

அவர் சொல்லிக் கொடுத்த விதத்தில்தான் அந்த மனிதர் முழுசாக இருந்தார். பிள்ளைகள் எல்லோரும் "ஸ்ரேஷன்" என்ற சொல்லைக் காதால் கேட்டபடி எழுதுவார்கள். எஸ்–எச் போட்டு, ஏ போட்டு, யூ போட்டு, பதினாறு பிள்ளைகளுக்கும் பதினாறு ஸ்ரேஷன். ரீச்சர் கொப்பிகளைப் பார்த்துவிட்டுக் கோபப்பட மாட்டார். இரகசியம் சொல்வதுபோல் குனிந்து சொல்வார்:

"காதைக் கேட்டு எழுதியிருக்கிறீங்கள். காது பொய் சொல்லும். காது 'ஷன்' எண்டு சொல்லும். தாளில ரீ–ஐ–ஓ–என் எண்டு நிக்கும். ஆரைப் பிடிக்கிறது?"

"தாளை!" என்று பதினாறும் கத்தும். மண்டபத்துத் தகரக் கூரை அதிரும்.

"தாளையும் உடன நம்பக் கூடாது. தாள் எங்க இருந்து வந்தது?"

கேள்வி அங்கேதான் போய் நிற்கும். எங்கே கண்டாய்?

ஒவ்வொரு பிள்ளையும் கிழமைக்கு மூன்று ஷன் சொல் கொண்டுவர வேண்டும். புத்தகத்தில் இருந்து எடுக்கக் கூடாது, போனில் இருந்து எடுக்கவே கூடாது. வீட்டில், வீதியில், கடலில், கடையில் தன் கண்ணால் கண்டதாக இருக்க வேண்டும். ஒரு துண்டுத் தாளில் சொல்லை எழுதி, அதன் கீழே கண்ட இடத்தையும் எழுதி, பெயர் போட்டு, பிஸ்கட் ரின்னுக்குள் போட வேண்டும். "லோஷன் — வாப்பாவின் முதுகுக்குப் பூசும் போத்தல்." "இன்ஸ்ரக்ஷன் — மாமாவின் வள்ளத்து எஞ்சின் பெட்டி." ஒரு பிள்ளை பெயின்ற் வாளியில் இருந்து "இமல்ஷன்" கொண்டுவந்தது. ரீச்சர் அதைத் தூரப் பிடித்துப் பார்த்தார்.

"இதுக்கு ரீ இல்லை. இது வேற ஆள். முகமூடி போட்டுக்கொண்டு உள்ளுக்கு வரப் பாக்குது. திருப்பி அனுப்பு."

அந்தப் பிள்ளை வாசல்வரை போய், துண்டை வெளியே போட்டுவிட்டு வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

நான் அவரைச் சந்தேகிக்கத் தொடங்கியது இந்தத் துண்டுகளால்தான். ரின்னுக்குள் விழுந்த ஒவ்வொரு துண்டையும் வீட்டுக்குப் போகுமுன் ஒரு பெரிய கறுப்பு மட்டைக் கொப்பியில் பதிவார். பிள்ளைக்கு ஒரு பக்கம். சொல், கண்ட இடம், அதற்குப் பக்கத்தில் தன் குறிப்பு. பதிந்ததும் கொப்பி கைப்பைக்குள் போகும், பூட்டு விழும். நான் ஒருமுறை எட்டிப் பார்த்தேன். கையால் மூடிக்கொண்டார்.

"உம்மட பக்கமோ இது?"

"இல்லை ரீச்சர், சும்மா..."

"சும்மா ஆரும் பாக்கிறேல்லை."

பதிவதோடு விட்டால் பரவாயில்லை. போய்ப் பார்க்கவும் செய்தார். துண்டில் எழுதிய இடத்தில் அந்தச் சொல் உண்மையாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தேடிப் போவார். பின்னேரங்களில் குடையோடும் கொப்பியோடும் ஒழுங்கை ஒழுங்கையாகத் திரிவார். ஒரு வீட்டு வாசலில் நின்று, உள்ளே குசினிப் பக்கம் தெரியும் காஸ் சிலிண்டரைக் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். பார்த்துவிட்டு எழுதுவார். கூப்பிட்டால் திரும்ப மாட்டார்.

இதை வேறெங்கும் செய்தால் விசர் மனுசி என்று சிரித்திருப்பார்கள். இங்கே யாரும் சிரிக்கவில்லை. வீட்டு வாசலில் நின்று கொப்பியில் எழுதுகிற ஆட்களை இந்தக் கரைக்கு நல்லாகத் தெரியும். மோட்டார் சைக்கிளில் வருவார்கள், வீட்டில் எத்தனை பேர், யார் வெளிநாட்டில், கடைசியாக என்ன கடிதம் வந்தது என்று மரியாதையாகக் கேட்பார்கள், எழுதிக்கொண்டு போவார்கள். ஏனென்று சொல்ல மாட்டார்கள். குடை பிடித்த பெண்ணாக இருந்தால் மட்டும் அது வேறாகிவிடுமா?

ஹனீபா நானா ஓட்டோ ஓட்டுகிறவர். அவருடைய மகன் றிஸ்வான் எங்கள் வகுப்பில் படித்தான். ஒருநாள் என்னைப் பஸ் நிலையத்தில் பிடித்தார்.

"மகள், அந்த ரீச்சர் என்ட ஓட்டோவைச் சுத்திச் சுத்தி வாசிக்கிறா. முன்னுக்கு வாசிச்சு, பின்னுக்கு வாசிச்சு, குனிஞ்சு அடியிலயும் பாக்கிறா. என்னத்தத் தேடுறா?"

"றிஸ்வான் ஒரு சொல் எழுதியிருப்பான் நானா. அதைத்தான்."

"சொல்லா? சொல்லுக்கா இப்படி முறைச்சுப் பாக்கிற? நான் வண்டியைக் களவெடுத்த மாதிரியெல்லோ பாத்தா!" சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "அவ எந்த ஊர் எண்டு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

தெரியாது. யாருக்கும் தெரியாது. நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர் என்றார் ஒருவர். கன்னியர் மடத்தில் இருந்து வெளியே வந்தவர் என்றார் இன்னொருவர். நானும் கேட்டுப் பார்த்தேன்.

"ரீச்சருக்குச் சொந்த ஊர் எது?"

"ஆர் கேக்கச் சொன்னது?"

"ஒருத்தரும் இல்லை. நான்தான்."

"அப்ப உமக்கு அது தேவையில்லை."

றிஸ்வானின் கதை ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். அவன் ஒருமுறை "எக்ஸ்பெடிஷன்" என்று எழுதி, கீழே "துறைமுகத்தில் நின்ற வெள்ளைக் கப்பல்" என்று போட்டிருந்தான். இவன் போனில் பார்த்துத்தான் எழுதியிருக்கிறான் என்று நான் நூறு வீதம் நம்பினேன். ரீச்சர் அன்று பின்னேரமே மூதூர் வள்ளத் துறைக்குப் போய், குடையை விரித்து, ஒரு மணித்தியாலம் நின்றார். நானும் நின்றேன். கடற்படைக் கப்பல்கள் நின்றன, மா அரைக்கும் ஆலைப் பக்கம் ஒரு பெரிய கப்பல் நின்றது. வெள்ளைக் கப்பலைக் காணவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவனைக் கூப்பிட்டார்.

"கப்பல் போயிட்டுது. சாட்சி இல்லை. உன்ர சொல்லை இப்ப ஏற்க ஏலாது."

"ரீச்சர், கப்பல் திரும்பி வந்தா?"

"வந்தா நானே போய் வாசிப்பன்."

"வராட்டி?"

"வராட்டி நீ பொய் சொன்னனீ எண்டும் சொல்ல ஏலாதே."

அந்தத் துண்டைத் தனியாக ஒரு கடித உறைக்குள் போட்டு வைத்தார். அப்போது எனக்கு அது விசராகத் தெரிந்தது. பத்து வயதுப் பையன் விட்ட புழுகுக்குக் கடித உறையா?

என் பங்கை இனிச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் இவரைப் பற்றி எழுத எனக்கு உரிமை இல்லை.

பிஸ்கட் ரின்னுக்குள் கிடந்த துண்டுகள் என் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தன. எவ்வளவு வடிவான வேலை, ஒருவரும் காணாமல் ரின்னுக்குள் கிடக்கிறதே! சுவரில் ஒட்டலாம், சொற்சுவர் செய்யலாம் என்று மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் "தேவையில்லை" என்றார். ஒரு சனிக்கிழமை தோப்பூரில் ஒரு செத்த வீட்டுக்குப் போவதாகவும், வகுப்பை நான் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். ரின்னை என்னிடம் தந்தார். தரும்போது அதை ஒருமுறை குலுக்கிப் பார்த்தார்.

அன்று முழுக்க நாங்கள் திருவிழாக் கொண்டாடினோம். வர்ணத் தாள், பசை, கத்தரிக்கோல். துண்டுகள் எல்லாவற்றையும் மீன் வடிவத்தில் சுவரில் ஒட்டினோம். பிள்ளைகள் மீனுக்கு முன்னால் நின்று வாலைப் பிடிப்பதுபோல் நடித்தார்கள். நான் படம் எடுத்துத் தள்ளினேன். எடுத்த கையோடு வட்ஸ்அப் ஸ்ரேற்றஸில் போட்டேன், முகநூலிலும் போட்டேன். இருநூறு பேர் இதயம் போட்டார்கள். மத்தியானம் எல்லாவற்றையும் அவசரமாகப் பிய்த்து ரின்னுக்குள் போட்டுவிட்டு, இரண்டு மணி பஸ்ஸைப் பிடித்தேன்.

புதன்கிழமை கவிதா அக்கா போன் எடுத்தார். எங்கள் வகுப்பில் படித்த டிலானியின் தாய். நான் உடனே வந்து தன்னைச் சந்திக்க வேண்டும் என்றார். போனேன். வாசலில் நின்றபடியே தன் போனைக் காட்டினார். நான் போட்ட படம். பெரிதாக்கியிருந்தார். மீனின் கண்ணுக்குப் பக்கத்தில் ஒரு துண்டு. பிள்ளையின் குண்டு எழுத்து தெளிவாகத் தெரிந்தது. "இன்வெஸ்டிகேஷன் — அம்மாவின் அலுமாரி, உடுப்புக்குக் கீழே, நீலப் பைல்."

"இது என்ர பிள்ளையின்ர கையெழுத்து," என்றார்.

கவிதா அக்காவின் தம்பியை யுத்த காலத்தில் கூட்டிக்கொண்டு போனார்கள். ஆள் திரும்பி வரவில்லை. தாய் இருக்கும்வரை தாய் எழுதினார், தாய்க்குப் பிறகு இவர் எழுதுகிறார், அந்தக் கந்தோருக்கும் இந்தக் கந்தோருக்கும். போட்ட கடிதங்களும் வந்த கடிதங்களும் அந்த நீலப் பைலுக்குள் இருக்கின்றன. புதிதாக ஒரு இடத்துக்கு முறைப்பாடு கொடுத்திருந்தார். புருசனுக்கே சொல்லாமல் கொடுத்திருந்தார்.

"நேற்று ரெண்டு பேர் வந்தவை. தம்பின்ர கதையை இன்னும் விடேல்லையோ எண்டு கேட்டவை. வழமையா வாறவைதான். ஆனா நேற்று அலுமாரி இருக்கிற அறையைப் பாத்தவை, தங்கச்சி. நான் கண்டனான். படத்தைப் பாத்திட்டு வந்தவையோ, சும்மா பாத்தவையோ எனக்குத் தெரியாது. தெரியாமல்தான் ராத்திரி முழுக்க நித்திரை இல்லை."

அவர் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"ஆர் இந்தப் படம் எடுத்தது?"

"நான்தான் அக்கா. வடிவா இருந்தது எண்டு... இப்பவே அழிக்கிறன்."

அங்கேயே நின்று அழித்தேன். அத்தோடு வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை. அவர் என்னைப் பார்த்த பார்வையைத் தாங்க முடியாமல் சொன்னேன்:

"என்ர படத்தில ஒரு துண்டுதான் அக்கா. ரீச்சரின்ர கொப்பியில எல்லா வீட்டு விபரமும் இருக்கு. பூட்டுப் போட்டு வைச்சிருக்கிறா. எனக்கும் காட்ட மாட்டா."

சொன்ன வேகத்தில் அது உண்மையாகவும் இருந்தது, எனக்குத் தப்பிக்கும் வழியாகவும் இருந்தது. கவிதா அக்காவின் முகம் மாறியதைக் கண்டேன். சந்தேகம் என்னை விட்டு நகர்ந்து ஒழுங்கையில் இறங்கிப் போனதைக் கண்ணால் கண்டதுபோல் இருந்தது. எனக்கு மூச்சு வந்தது.

சனிக்கிழமை காலையில் மண்டபத்துக்குப் பிள்ளைகளுக்கு முன்னமே பெற்றோர் வந்துவிட்டார்கள். பதினொரு பேர். பிள்ளைகளை வெளியே வலைக் குவியலுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, தாங்கள் உள்ளே வந்து நின்றார்கள். ரீச்சர் சுவருக்கு முதுகு கொடுத்து இருந்தார். எழும்பவில்லை. கைப்பை மடியில் இருந்தது.

ஹனீபா நானாதான் தொடங்கினார். "ரீச்சர், கோவிக்கப்படாது. நாங்க வகுப்பை மறிக்க வரல்ல. அந்தக் கொப்பியை ஒருக்காக் காட்டுங்க. பாத்திட்டுப் போறம்."

"ஏலாது."

"ஏன் ஏலாது? எங்கட வீட்டுக் கதைதானே அதுக்குள்ள இருக்கு?"

"உங்கட வீட்டுக் கதை மட்டும் இல்லையே."

"அப்ப எல்லாற்ற கதையும் இருக்கு எண்டு ஒத்துக்கொள்ளுறீங்கள்," என்றார் கவிதா அக்கா. "இந்தத் தங்கச்சி சொன்னது சரிதான். ரீச்சர், கொப்பியைத் தராட்டி இண்டையோட ஒரு பிள்ளையும் இங்க வராது. நாங்கள் பதினொரு பேரும் கதைச்சிட்டுத்தான் வந்தனாங்கள்."

ரீச்சர் என்னைப் பார்த்தார். நான் கீழே பார்த்தேன்.

வெளியே ஒரு பிள்ளை எதற்கோ சிரித்தது. ரீச்சர் மணிக்கூட்டைப் பார்த்தார். வகுப்புத் தொடங்கும் நேரம் கடந்து ஏழு நிமிடம். பூட்டைத் திறந்தார். கொப்பியை எடுத்தார். கவிதா அக்கா கையை நீட்டினார். ரீச்சர் கொடுக்கவில்லை. பெரிய ஸ்கேலை எடுத்து, முதல் பக்கத்தின் உள்விளிம்பில் வைத்து, நேராகக் கிழித்தார்.

"றிஸ்வான்ர வாப்பா. இது உங்கட பக்கம்."

அடுத்ததைக் கிழித்தார். "சுகன்யாவின்ர அம்மா."

ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். பக்கத்தை மடித்து, எழுத்து உள்ளே இருக்கும்படி கொடுத்தார். ஒருவர் பக்கத்து ஆளின் தாளை எட்டிப் பார்த்தார். ரீச்சர் ஸ்கேலால் மேசையில் ஒரு தட்டுத் தட்டினார். அவர் தன் தாளுக்குத் திரும்பினார். வராதவர்களின் ஐந்து பக்கங்களையும் கிழித்து, தனித் தனியாக மடித்து, மேலே பிள்ளையின் பெயரை எழுதினார்.

"ஒரு வீட்டில கடன்தாள் இருக்கு எண்டு பக்கத்து வீட்டுக்குத் தெரியக் கூடாது," என்றார். "அதுக்குத்தான் காட்டேல்லை. வேற ஒண்டுக்கும் இல்லை."

ஹனீபா நானா தன் தாளைப் பிள்ளையைப்போல் எழுத்துக் கூட்டி வாசித்தார். பிறகு சத்தமாகச் சிரித்தார். "'ஓட்டோவின் அடியில் தேடினேன். இல்லை. பையன் மீண்டும் தேடட்டும்.' அல்லாஹ், இதுக்கா ரீச்சர் குனிஞ்ச நீங்க!"

கவிதா அக்கா சிரிக்கவில்லை. தன் தாளைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். பிறகு, யாரும் கேட்காமலே, என் கையில் தந்தார். தன் கண்ணை நம்பாமல் தந்தார் என்று நினைக்கிறேன். டிலானியின் பக்கத்தில் விளிம்புவரை நெருக்கி எழுதிய சொற்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதே குறிப்பு. "பார்த்தேன். சரி." "பார்த்தேன். சரி." ஒரே ஒரு வரியில் மட்டும், சொல்லுக்குப் பக்கத்தில் இடம் எழுதியிருந்த இடத்தில், தாள் தேயும் அளவுக்குக் கறுப்பு மையால் அடித்திருந்தது. அதற்கு அங்கால்: "பார்க்கவில்லை. பார்க்க மாட்டேன். சரி."

சான்றிதழை மணந்து பார்த்த மனுசி. தன் பிளாஸ்க்கையே நம்பாதவர். அந்த ஒரு சொல்லை மட்டும் போய்ப் பார்க்காமலே ஏற்றிருந்தார்.

"பிள்ளை துண்டைப் போட்ட அண்டைக்கே கூப்பிட்டுச் சொன்னனான்," என்றார் ரீச்சர், கவிதா அக்காவைப் பார்க்காமல். "அம்மாவின்ர அலுமாரியைத் திறக்கக் கூடாது எண்டு. துண்டைக் கிழிச்சிருக்க வேணும். அது என்ர பிழை. பிள்ளையின்ர எழுத்து நல்லா இருந்தது. கிழிக்க மனம் வரேல்லை."

கொப்பியில் கடைசியாக ஒரு பக்கம் மிஞ்சியிருந்தது. அதையும் கிழித்தார்.

"இது உம்மட," என்று என்னிடம் நீட்டினார்.

எனக்கும் ஒரு பக்கம் இருந்தது. முதல் நாளில் இருந்து எழுதப்பட்டிருந்தது.

"அந்தத் தங்கச்சியைப் பற்றி நீங்க என்ன சொல்லுறீங்க ரீச்சர்?" ஹனீபா நானா கேட்டார். "அவவை நம்பலாமா?"

"நான் ஒருத்தரையும் நம்பிறேல்லை. அது அவவின்ர பக்கம். வாசிக்கிறதெண்டா அவ வாசிக்கட்டும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மடித்துப் பையில் வைத்திருக்கலாம். ஒருவரும் பறித்திருக்க மாட்டார்கள். ஆனால் மற்றப் பதினாறு பக்கமும் வெளியே வந்தபின் என்னுடையதை மட்டும் எப்படி மூடுவது? வாசித்தேன்.

"'பிள்ளைகளைப் படம் எடுத்தார். யாருக்கு?' 'தாய்மாரின் போன் நம்பர் எல்லாம் வாங்கினார். யாருக்கு?' 'கொப்பியைப் பார்க்க எட்டினார். யாருக்கு?' 'என் ஊர் எது என்று கேட்டார். யாருக்கு?' 'நான் இல்லாத நாள் ரின்னைத் திறந்தார், சுவரில் ஒட்டினார், படம் எடுத்தார். யாருக்கு?'"

அவ்வளவு காலமும் நான் அவரை உளவு பார்க்க வந்தவர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் என்னை அப்படி நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். இரண்டு பேரில் அவரிடம்தான் ஆதாரம் இருந்தது.

"ஆருக்குத் தங்கச்சி?" என்று கவிதா அக்கா மெதுவாகக் கேட்டார்.

பதில் இருநூறு இதயம். அதை எப்படிச் சொல்வது?

"ஒருத்தருக்கும் இல்லை அக்கா. எனக்குத்தான். நான் நல்லாச் செய்யிறன் எண்டு நாலு பேர் பாக்க வேணும் எண்டு."

யாரும் ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லாக இருந்திருக்கும். பதினொரு பேரும் வாசல் பக்கம் போய்க் குசுகுசுத்தார்கள். அதிக நேரம் எடுக்கவில்லை. கவிதா அக்கா திரும்பி வந்தார்.

"வகுப்பு நடக்கட்டும் ரீச்சர். துண்டில இடம் எழுத வேண்டாம். ரோட்டில கண்டதை மட்டும் எழுதட்டும், வீட்டுக்குள்ள வேண்டாம். இந்தத் தங்கச்சி இனி வரக் கூடாது."

ரீச்சர் "ஓம்" என்றார். எனக்காக ஒரு சொல்லும் பேசவில்லை. பேசுவார் என்று கடைசி நிமிடம்வரை காத்திருந்தேன்.

பிள்ளைகள் உள்ளே வரத் தொடங்கினார்கள். டிலானி "அக்கா, இண்டைக்கும் மீன் செய்வமா?" என்று கேட்டுக்கொண்டே என்னைக் கடந்து ஓடினாள். நான் அட்டைகளை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தேன். ரீச்சர் எனக்கு முன்னால் அங்கே நின்றார்.

"பையைத் திறவும்."

"ரீச்சர்?"

"பையைத் திறவும், பிள்ளை."

முகம் கொதித்தது. இவ்வளவுக்குப் பிறகும் இதுவா? வீம்புக்கு அகலத் திறந்து காட்டினேன். அட்டைகள், தண்ணீர்ப் போத்தல், டிப்ளோமாக் கொப்பிகள். ரீச்சர் ஒவ்வொன்றாக எடுத்தார், விரித்தார், உதறினார். இரண்டாவது கொப்பியை உதறியபோது நாலைந்து துண்டுகள் நிலத்தில் விழுந்தன. பசை காய்ந்த மூலைகளோடு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. அன்றைக்கு பஸ்ஸுக்கு ஓடும் அவசரத்தில் ரின்னுக்குள் போட்டதாக நினைத்தவை. மேலே கிடந்த துண்டில் குண்டுக் குண்டாக எழுத்து. உடுப்புக்குக் கீழே, நீலப் பைல்.

"சத்தியமா எனக்குத் தெரியாது ரீச்சர்."

"ரின்னில துண்டு குறைஞ்சது எனக்குத் தெரியும்," என்றார். குனிந்து பொறுக்கினார். நிமிரும்போது ஒரு கையால் முழங்காலைப் பிடித்துக்கொண்டார். குடையை எடுக்காமல் வெயிலில் இறங்கி, ஒழுங்கை முடக்கில் போய்க்கொண்டிருந்த கவிதா அக்காவைக் கூப்பிட்டார். பெயர் சொல்லிக் கூப்பிட்டதை அன்றுதான் முதல்முறை கேட்டேன். கவிதா அக்கா துண்டை வாங்கினார், பார்த்தார், நான் நின்ற வாசலையும் பார்த்தார். பிறகு அதைச் சின்னதாக மடித்து, உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டு நடந்தார்.

ரீச்சர் திரும்பி வந்து என்னைத் தாண்டி உள்ளே போனார். "இப்ப போம்," என்றார்.

பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை கிடைத்தது. பையை மூடவில்லை. நிலாவெளி வரும்வரை வாயைத் திறந்தபடியே மடியில் வைத்திருந்தேன், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பதுபோல. பக்கத்தில் இருந்த மனுசி ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, தன் பையை இழுத்து அணைத்துக்கொண்டார்.